ஊசியும் துளையும்: கர்னல் எலியட் என்கிற கண் வைத்தியரை முன்வைத்து

1

எழும்பூரில் பழைய மார்ஷல் சாலை இன்றைக்கு ருக்மணி லட்சுமிபதி சாலை. அந்தச் சாலையில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையை முன்மாதிரியாகக் கொண்டு கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1819ல், சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்குள்ள அருங்காட்சியகம் எலியட் என்பவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த எலியட் வேறு. அவர் பழைய மெட்ராஸின் மாஜிஸ்திரேட். இவர் ராபர்ட் ஹென்றி எலியட் (1864 – 1936). இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னல். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் இந்த ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக இருந்தவர்.

எலியட்டின் தொழில் வாழ்க்கையில் மூன்று காரியங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்று, ஊர் ஊராய்ச் சுற்றி ஊசியால் கண்புரையைத் தள்ளிவிட்ட நாட்டு வைத்தியர்களுக்கு எதிராக அவர் திரட்டிய சாட்சியங்கள். இரண்டு, கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய்க்கு 1909ல் சென்னையில் அவர் உருவாக்கிய அறுவை முறை. மூன்று, ஓய்வு பெற்று லண்டன் போனபிறகு இந்தியக் கயிற்று வித்தையைப் பொய் என்று நிரூபிக்க அவர் காட்டிய பிடிவாதம். இந்த மூன்றையும் சேர்த்து ஒரே பிரதியாக வாசிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. வாசிக்கப் போன இடத்தில் என்னுடைய சில நம்பிக்கைகளும் அடிவாங்கின. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. அப்பத்தா சொன்னது. அவளுடைய அய்யாவின் அய்யாவுக்கு, அதாவது என் வம்சத்துப் பூட்டன்களில் ஒருவருக்கு, இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அப்பத்தா அப்போது சின்னப் பிள்ளை. கம்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு கம்மாய்க்கரைக்குப் போவார்களாம். சந்தை நாளில் ஒருத்தன் வந்தான். "கண்ணு தொறக்க வந்தவன்" என்றுதான் அப்பத்தா அவனைச் சொல்வாள். திண்ணையில் உட்காரவைத்து, தலையை ஒருத்தர் பிடித்துக்கொள்ள, கண்ணில் என்னமோ ஊசியை விட்டு அசைத்தான். அடுத்த நிமிஷம் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டான். பெரியவர் சரியாகச் சொன்னார். வீடே அழுததாம். கண்ணைக் கட்டிவிட்டு, எட்டு நாள் அவிழ்க்கக்கூடாது என்று சொல்லி, நெல்லும் பணமும் வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

கட்டு அவிழ்த்தபிறகு கொஞ்ச நாள் வெளிச்சம் இருந்திருக்கிறது. அப்புறம் தலைவலி. கண் கல்லாகிப்போனது. "ராத்திரியெல்லாம் மாடு மாதிரி கத்துவாரு" என்பாள். கடைசியில் அந்தக் கண் ஒன்றுமே இல்லாமல் போனது. இன்னொரு கண்ணில் புரை அப்படியே இருந்தது. அந்தக் கண்ணைத் தொடவிடாமலே செத்துப்போனார்.

இந்த முறை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்து ஒளியை மறைத்துக்கொள்வது. கருவிழியின் ஓரத்திலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ ஊசியைச் செலுத்தி, வெளுத்த வில்லையைப் பாவையின் வழியிலிருந்து கீழே தள்ளிவிட்டால் ஒளி உள்ளே போகும். உடனே பார்வை தெரியும். ஆனால் வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. கழுவாத ஊசியோடு கிருமியும் உள்ளே போகிறது. வில்லையின் உறை கிழிந்தால் வீக்கம். உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது. புரையைத் தள்ளியவன் கிளாக்கோமாவை உண்டாக்கிவிட்டுப் போகிறான். என் பூட்டன் கத்தியது அதனால்தான் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது.

சுசுருதரின் பெயரில் வழங்கும் நூலின் உத்தர தந்திரத்தில் இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. இது இந்தியாவுக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் புரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. 1750ல் இசைமேதை பாஹின் கண்ணில் ஊசி போட்டவர் ஜான் டெய்லர்; இங்கிலாந்து அரசரின் கண் வைத்தியர் என்ற பட்டத்தோடு ஊர் ஊராய்ச் சுற்றியவர். பாஹ் பார்வை பெறவில்லை, அதே வருஷம் ஜூலையில் இறந்துபோனார். பிரான்சில் ஜாக் தாவியேல் 1747ல் வில்லையை வெட்டி வெளியே எடுத்துக்காட்டிய பிறகுதான் ஊசி மெல்லப் பின்வாங்கியது. ஆக, என் பூட்டனின் திண்ணைக்கு வந்தவனும் ஐரோப்பிய அரசவை வைத்தியரும் ஒரே தொழில்காரர்கள். டெய்லருக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. இவனுக்குப் பெயர்கூட இல்லை.

3

இந்தப் பெயரில்லாதவர்களைப் பற்றித்தான் எலியட் எழுதினார். சென்னையில் அவருடைய மருத்துவமனைக்கு ஊசி போட்டுக் கெட்டுப்போன கண்களோடு ஜனங்கள் வந்தபடியே இருந்தார்கள். அப்படி வந்த எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகளை அவர் தொகுத்தார். வலி தாங்காமலோ மீட்க வழியில்லாமலோ அகற்றப்பட்ட கண்கோளங்கள் ஐம்பதுக்கு மேல் சேர்ந்தன. அவற்றை அறுத்து, வில்லை எங்கே கிடக்கிறது, எந்தத் திசுவில் என்ன சிதைவு என்று பரிசோதித்தார். 1917 பிப்ரவரியில் லண்டன் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் அவர் நிகழ்த்திய ஹண்டேரியன் சொற்பொழிவுகளுக்கு இதுதான் மூலப்பொருள். அவை விரிந்து இந்தியாவில் புரை தள்ளும் முறை குறித்த ஒரு தனிநூலாயின.

இதை வாசிக்க நம் கையில் ஆயத்தமாக ஒரு சட்டகம் இருக்கிறது. மருத்துவமனை பிறந்தபோது நோயாளி மறைந்து நோய் மட்டும் தெரிய ஆரம்பித்தது என்று 1963லேயே ஃபூக்கோ எழுதிவிட்டார். காலனிய மருத்துவம் இந்திய உடலின் மீது எப்படி ஆட்சி செலுத்தியது என்று டேவிட் அர்னால்ட் 1993ல் விரிவாக எழுதினார். இவர்களைப் படித்தவனுக்கு எலியட் வாய்க்குள் வந்து விழும் பழம். பார்வையற்றவனின் கண்ணையே பார்வைப்பொருளாக்கிக் கப்பலேற்றியது காலனியம், சுதேசி அறிவை 'மூடநம்பிக்கை' என்று வகைப்படுத்தியது, ஊர்சுற்றி வைத்தியனைக் குற்றவாளியாகக் கட்டமைத்தது என்று ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடலாம். நானே சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில் கிட்டத்தட்ட இப்படிப் பேசி கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

அந்த வாசிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. எலியட்டின் நடையில் ஆட்சியாளனின் தொனி இருக்கிறது. நாட்டு வைத்தியனை அவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரனாகத்தான் பார்க்கிறார். அவருடைய எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு: ஊசி போட்டு நன்றாக இருந்தவன் எதற்காக எழும்பூருக்கு வரப்போகிறான்? கெட்டவர்கள்தான் வருவார்கள். கெட்டவர்களை மட்டும் எண்ணினால் எந்த வைத்தியமும் கெட்ட வைத்தியமாகத்தான் தெரியும். எதிர்வாதத்துக்கு இது நல்ல ஆயுதம். நானும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஐம்பது சொச்சம் கண்கள்? அவற்றை எந்தச் சொல்லாடலுக்குள் வைப்பது? கருத்தரங்கு முடிந்து ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம், வெள்ளைக்காரன் நம்ம வைத்தியத்தை அழித்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், "அழிச்சது நல்லதுதானே" என்றாள். அதன்பிறகுதான் மாடு மாதிரி கத்திய கதையை முழுசாகச் சொன்னாள். அதற்குமுன் எனக்குத் தெரிந்ததெல்லாம் விரலை எண்ணிய வரைக்கும்தான். நம் கோட்பாட்டு வாசிப்புகளுக்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது என்று தோன்றியது. கட்டு அவிழ்க்கும் எட்டாம் நாள்வரை நாம் காத்திருப்பதில்லை. வைத்தியன் மாதிரியே கிளம்பிவிடுகிறோம்.

4

இனி துளை. கிளாக்கோமா, புரைக்கு நேர் எதிரான குணம் கொண்ட நோய். புரை எல்லாருக்கும் தெரியும்படி பாவையில் வெள்ளையாக நிற்கும், அதை எடுத்தால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான் வைத்தியம்.

1857ல் பெர்லின் கண் மருத்துவர் கிரேஃபே, ஐரிஸ் என்கிற சீலையின் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அழுத்தம் குறைகிறது என்று அறிவித்தார். திடீரென்று சிவந்து வலிக்கும் வகைக்கு அது உதவியது. சத்தமில்லாமல் வரும் நாட்பட்ட வகைக்கு அவ்வளவாக உதவவில்லை. அப்புறம் வந்தவர்கள் நீர் வடிவதற்கு நிரந்தரமாக ஒரு வாய்க்கால் வெட்ட முடியுமா என்று தேடினார்கள். பிரான்சில் லக்ரான்ஷ் ஒரு வழி சொன்னார். கிளாஸ்கோவில் ஃபெர்கஸ் அதே 1909ல் துளை போட்டுப் பார்த்தார். எலியட் சென்னையில் செய்தது இது: விழிவெண்படலத்தின் மேல்தோலை ஒரு மடலாக உரித்துக் கீழே இறக்கி, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் சின்ன உருளைக் கத்தியால் ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் துளை. மடலைத் திரும்ப மூடிவிட்டால், உள்ளிருக்கும் நீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து மேல்தோலுக்கு அடியில் ஒரு கொப்புளமாகத் தேங்கி உறிஞ்சப்பட்டுவிடும். அவ்வளவுதான். கிணற்றில் நீர் மிஞ்சினால் கலிங்கு வெட்டுகிற காரியம்.

1913ல் இது நூலாக வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் கிளாக்கோமாவுக்கு முதன்மையான அறுவைகளில் ஒன்றாக 'எலியட் துளை' இருந்தது. குறைகளும் தெரியவந்தன. கொப்புளத்தின் தோல் மெலிந்து, வருஷங்கள் கழித்துக்கூட அதன்வழி கிருமி புகுந்து கண்ணையே கெடுத்தது. 1960களில் துளையை ஒரு மூடியால் பாதி மறைக்கும் டிரபெக்குலெக்டமி வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் நீரை மேல்தோலுக்கு அடியில் வடியவிடும் அந்த அடிப்படைக் கருத்து இன்றும் மாறவில்லை. இன்றைக்கு உலகில் எங்கோ ஒருவருக்குக் கிளாக்கோமா அறுவை நடந்தால், அதன் முன்னோர் வரிசையில் சென்னையின் ஏழை ஜனங்களின் கண்கள் நிற்கின்றன.

இந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். காலனி என்பது பேரரசின் பரிசோதனைக்கூடம். நோயாளிகள் ஏராளம், கேள்வி கேட்பவர் குறைவு. ஆகவே புதிய அறுவை அங்கே பிறப்பது இயல்பு. பஞ்சாபில் ஜலந்தரின் ஹென்றி ஸ்மித் வில்லையை உறையோடு பிதுக்கி எடுக்கும் முறையைப் பல்லாயிரம் கண்களில் செய்து பழகினார். அமெரிக்க மருத்துவர்கள் கப்பலேறி வந்து அவரிடம் கற்றுக்கொண்டு போனார்கள். கற்றுக்கொள்ள அத்தனை கண்கள் வேறெங்கே கிடைக்கும்? இது முதல் படிப்பு. இரண்டாவது படிப்பு: அந்தத் துளை இல்லாமல் போயிருந்தால் அதே கண்கள் இருண்டே போயிருக்கும். சுரண்டலும் வைத்தியமும் ஒரே கையில், ஒரே நிமிஷத்தில் நடந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியவில்லை. முரண்களை எப்படியாவது தீர்த்துவிடுவது நம் விமர்சன மரபின் பழக்கம். இந்த முரணைத் தீர்க்காமல் வைத்துக்கொள்ளத்தான் பழக வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எலியட் பார்த்த ஊசி போட்ட கண்களில் பல அழுத்தம் ஏறிக் கெட்டவை. சென்னையில் அவருடைய ஒரு கை ஊசியின் விளைவுகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொரு கை அழுத்தத்துக்கு வடிகால் தேடிக்கொண்டிருந்தது. இவை இரண்டு தனி ஆராய்ச்சிகள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நாட்டு வைத்தியன் செய்த தவறும் எலியட்டின் கல்விக்கூடமாக இருந்திருக்கிறது.

5

ஓய்வுக்குப்பின் எலியட் லண்டன் மந்திரவாதிகளின் சங்கமான மேஜிக் சர்க்கிளில் அமானுஷ்ய விஷயங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். 1934ல் அந்தக் குழு, இந்தியக் கயிற்று வித்தையைத் திறந்தவெளியில் செய்துகாட்டுபவருக்கு 500 கினி தருவதாக அறிவித்தது. கயிறு தானாக மேலே எழுந்து நிற்க, பையன் ஏறி மறைந்துபோகும் வித்தை. யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. அதே வருஷம் கீழைத்தேச மாயத்தை ஒரு கட்டுக்கதை என்று சொல்லும் புத்தகம் ஒன்றையும் எலியட் வெளியிட்டார்.

கண் வைத்தியருக்குக் கயிற்றில் என்ன வேலை? எனக்கு இது வினோதமாகத் தெரியவில்லை. விரலைக் காட்டி எண்ணச் சொன்ன வைத்தியனும் சந்தையில் வித்தை காட்டியவனும் அவருக்கு ஒரே ஆள்தான். இருவரும் கண்ணை ஏமாற்றுகிறவர்கள், இருவரும் கூட்டம் கலைவதற்குள் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள். சென்னையில் தொடங்கிய வழக்கை அவர் லண்டனில் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. கயிற்று வித்தையின் பூர்வீகத்தைத் தேடிப்போன பீட்டர் லாமண்ட் 2004ல் எழுதிய நூலில், இன்று உலகம் அறிந்த அந்தக் கதையைப் பரப்பிவிட்டது 1890ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை என்று காட்டினார். விற்பனைக்காக எழுதப்பட்ட புளுகு. சில மாதம் கழித்து அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. மறுப்பை யாரும் படிக்கவில்லை. வித்தையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்த வெள்ளைக்கார அதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். ஆக, எலியட் பொய் என்று சொன்னது பொய்தான். ஆனால் இல்லாத கயிற்றை மேலே ஏற்றியவன் சந்தை வித்தைக்காரன் இல்லை, அச்சு யந்திரம். பத்திரிகையின் ஊசி குத்தி, ஒரு கண்டமே விரலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்தவன் கண்ணில் இருந்த புரையை அத்தனை நுணுக்கமாகப் பார்த்த எலியட்டுக்குத் தன் சமூகத்தின் கண் தெரியவில்லை. காலனிய அறிவின் குருட்டுப்புள்ளி எது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். கண்கோளங்களை அவர் அறுத்துப் பார்த்த மேசையைக் காட்டமாட்டேன்.

6

நம் பக்கம் என்ன நடந்தது? 1914ல் மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. எதிர்வினையாகச் சுதேசி மருத்துவத்துக்கான குரல் வலுத்தது. 1921ல் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் விசாரித்து 1923ல் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையும் அதையொட்டிய விவாதங்களும் மிக முக்கியமானவை. அவற்றின் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுதேசி மருத்துவத்தின் பெருமையைப் பேசியவர்கள் நிறுத்திய ஆள் யார்? சுசுருதர். சித்த மரபு பேசியவர்களுக்கு அகத்தியரும் தொண்ணூற்றாறு கண் நோய்களும். தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் காலத்துக் கண் நோயாளிகளின் படங்களும் குறிப்புகளும் சரஸ்வதி மகால் நூலகத்தில் பத்திரமாக இருப்பதை நாம் பெருமையோடு காட்டுகிறோம். ஏட்டில் இருப்பது மரபாயிற்று. அரசர் செய்தது மரபாயிற்று. சந்தையில் ஊசி வைத்துக்கொண்டு நின்றவன்?

அவன் பல இடங்களில் முஸ்லிம். பஞ்சாபில் ராவல் என்று சொல்லப்பட்ட, அலைந்து திரியும் சாதியைச் சேர்ந்தவன். ஏடு இல்லாதவன். அவனை எலியட் குற்றவாளி என்றார். சுதேசிப் பண்டிதர்கள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. சுசுருதர் கண்ட முறை என்று மார்தட்டிக்கொண்டே, அந்த முறையை இரண்டாயிரம் வருஷம் கையில் வைத்திருந்தவனைக் கைகழுவினார்கள். கத்தி பிடித்தவனும் பிரசவம் பார்த்தவளும் நம் ஊரில் அம்பட்டர் சாதி. பின்னால் அவர்கள் தங்களை மருத்துவர் குலம் என்று உரிமையோடு அழைத்துக்கொள்ள ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. கைத்தொழிலைத் தீட்டாக்கிவிட்டு, அதன் அறிவை மட்டும் சுலோகமாக்கிக்கொள்கிற சமூகத்தில் ஊசி எப்படித் திருந்தும்? ஐரோப்பாவில் நாவிதக் கத்திக்காரர்கள் மெல்ல மெல்லக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். தாவியேலுக்குத் தன் முறையைச் சொல்ல ஒரு சபை இருந்தது, தவறினால் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள். நம் ஊசிக்காரனுக்குச் சபை இல்லை. கேட்பவரும் இல்லை. கேட்பார்களோ என்று பயந்து அடுத்த ஊருக்கு நடந்தான். அவனுடைய அறியாமையை வெள்ளைக்காரன் உண்டாக்கவில்லை. அதில் பெரும்பங்கு நம் வர்ணாசிரமத்தின் கைங்கரியம். எலியட்டை விமர்சிக்கும் நம் பின்காலனியக் கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போவதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

7

ஊசி இன்னும் சாகவில்லை. நைஜீரியாவில் 2005 – 07ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், புரைக்கு வைத்தியம் செய்துகொண்ட கண்களில் பத்துக்கு நாலுக்கு மேல் ஊசியால் தள்ளப்பட்டவை. பெரும்பாலும் பார்வை கெட்டவை. ஜனங்கள் ஏன் போகிறார்கள்? ஆஸ்பத்திரி தூரம், செலவு அதிகம், ஊசிக்காரன் வாசலுக்கு வருகிறான். மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை. எங்கே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததோ அங்கே ஊசி போய்விட்டது. தமிழ்நாட்டில் அதுதான் நடந்தது. 1960களிலிருந்து பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் நடந்த கண் முகாம்கள் ஊசிக்காரனைக் காணாமல் ஆக்கின. அரசு மருத்துவமனைகளுக்கும் மதுரையில் 1976ல் பதினொரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் போன்றவற்றுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. முகாமில் எடுத்தவர்களுக்கு முதலில் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். 1992ல் மதுரையிலேயே செயற்கை வில்லை தயாரிக்க ஆரம்பித்தபிறகு அது ஏழைக்கும் எட்டியது.

ஆஸ்பத்திரி என்றால் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2008ல் பெரம்பலூரில் இலவச முகாம் அறுவைக்குப்பின் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பார்வை இழந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கிராமத்து ஏழைகள். எலியட்டின் பதிவேட்டில் இருந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம். இந்த அறுபது பேருக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. தேதி இருந்தது. கத்தி பிடித்தவர் யார் என்று தெரிந்தது. வழக்குப் போட முடிந்தது. என் பூட்டனுக்கு எதுவும் இல்லை. நவீன மருத்துவத்தை நான் ஏற்பது அது உண்மையின் வடிவம் என்பதற்காக அல்ல, எழுதி வைக்கிறது என்பதற்காக. எழுதி வைத்தது எதுவோ அதை நாம் திருப்பிக் கேட்க முடியும். எலியட்டின் எழுநூறு சொச்சம் குறிப்புகளை இன்று நான் அவருக்கு எதிராகவும் வாசிக்க முடிவது அவர் எழுதி வைத்ததால்தான்.

ஆனால் எதை எழுதுகிறார்கள், எதை விடுகிறார்கள்? 1976ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் புரை ஒழிப்புத் திட்டம் நடந்தது. இலக்கு, அறுவைகளின் எண்ணிக்கை. எண்ணுவதற்குப் புரை தோதான நோய். ஒருநாள் வருகிறார், எடுக்கிறோம், கட்டு அவிழ்க்கிறோம், பார்வை வருகிறது, புகைப்படம் எடுக்கிறோம். கிளாக்கோமா எண்ணிக்கைக்கு அடங்காது. அழுத்தம் அளக்க வேண்டும், நரம்பைப் பார்க்க வேண்டும், சாகும்வரை சொட்டு மருந்து விட வேண்டும். எவ்வளவு செய்தாலும் நோயாளிக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. காட்டுவதற்கு அதிசயம் கிடையாது.

அப்பத்தாவுக்கும் ஒரு முகாமில்தான் இடதுகண்ணில் புரை எடுத்தார்கள். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், சோறு போட்டு, கண்ணாடி கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. பிரியமாகத்தான் நடந்துகொண்டார்கள். அவள் என் முகத்தைத் தடவிப் பார்த்து, "கருத்துப் போயிட்டியேப்பா" என்றாள். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கண் மறுபடி மங்கியது. வேறோர் ஊரில் காட்டியபோது, பிரஷர் ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், நரம்பு பட்டுப்போச்சு, இனிமேல் செய்வதற்கில்லை என்றார்கள். வலது கண்ணிலும் பாதி போயிருந்தது.

அப்பத்தாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "எங்க அய்யாவுக்கும் இப்படித்தான். தொறந்து விட்டான், கொஞ்ச நாள் தெரிஞ்சுச்சு, அப்புறம் போயிருச்சு" என்றாள். அவளைப் பொறுத்தவரை சந்தையில் வந்தவனும் வேனில் வந்தவர்களும் ஒரே கணக்கு. நான் வித்தியாசத்தை விளக்கினேன். கிருமி, அழுத்தம், நரம்பு, காலனியம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "வித்தியாசம் இருக்கும்ப்பா. எனக்குத் தெரியலையே" என்றாள்.

அவள் போனபிறகு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு அந்த முகாம் அட்டையும் இருந்தது. பெயர், வயது, எந்தக் கண், அறுவை செய்த தேதி எல்லாம் நிரப்பியிருக்கிறது. கண் அழுத்தம் என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். அழுத்தத்தை அளக்கும் கருவியை நார்வேக்காரர் ஷியோட்ஸ் 1905லேயே கொண்டுவந்துவிட்டார். எலியட் சென்னையில் துளை போட்டு நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

ஊருக்குள் முகாம் வரும்போது சோறு, பஸ், கண்ணாடி பற்றியெல்லாம் நம் தோழர்கள் விசாரிக்கிறார்கள். இந்தக் கட்டத்தையும் விசாரிக்க வேண்டும். நாற்பது வயது தாண்டி முகாமுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அழுத்தம் அளந்தார்களா, நரம்பைப் பார்த்தார்களா, அளந்ததை எழுதினார்களா, எழுதியதை அவருக்குச் சொன்னார்களா என்று கேட்க வேண்டும். ஊசிக்காரனிடம் யாரும் கேட்கவில்லை. இவர்களிடம் கேட்கலாம், அட்டை நம் கையில்தான் இருக்கிறது.